அழித்துவிட்டால் சரியாகிவிடும்

முனிர்காவின் நான்காம் மாடி அறை ஒன்றில், 2025 ஜூன் மாத இரவொன்றில், ஒரு திறன்பேசி தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. படுக்கப் போகும் முன் 'இப்போதே நிறுவுக' என்ற பொத்தானை அழுத்தியவர் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர். காலையில் எழுந்து பார்த்தபோது கடிகாரத்தின் எழுத்துரு மாறியிருந்தது. பொத்தான்களின் மூலைகள் உருண்டிருந்தன. அவ்வளவுதான் மாற்றம் என்று நினைத்தார். ஊரிலிருக்கும் தங்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப வாட்ஸ்அப்பைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. விசைப்பலகை மேலெழுந்து வர ஆறேழு நொடிகள் ஆயின. சொல்லைத் தட்டி முடித்து விரலை எடுத்த பிறகு, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி வந்து நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி, மறந்துபோய்ப் பிறகு நினைவு வந்ததுபோல், கடைசியில் வந்து சேர்ந்தது.

முதல் மூன்று நாள்கள் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் வங்கிக் கணக்கில் நுழைய முயன்றபோது, ஓடிபி வந்து விழுந்த ஒலி கேட்டது. குறுஞ்செய்திச் செயலி திறப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்திருந்தது. மூன்று முறை இப்படி நடந்ததும் கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டப்பட்டது. அன்று மாலை ராமா மார்க்கெட் பக்கத்துச் சந்தில், இட்லி மாவும் அப்பளமும் விற்கும் தமிழர் கடையில், பணம் செலுத்தும் செயலியின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். "பரவால்லம்மா, எங்க போயிடப் போறீங்க, நாளைக்குக் குடுங்க" என்றார் கடைக்காரர். கடன் சொல்லிப் பழக்கமில்லாத ஒருவருக்கு அந்தப் பெருந்தன்மையே பாரமாக இருந்தது.

புதிது வாங்கிவிடலாமே என்றார்கள் சிலர். நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொகை மாறவில்லை. முனிர்காவில் ஓர் அறையின் வாடகை அதை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். 2022இல் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்குக் கிடைத்த பணத்தில் வாங்கிய கருவி அது. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம். வாங்கிய நாளில் அது போதுமென்றுதான் தோன்றியது.

ஆனால் அந்தத் திறன்பேசியைக் கைவிட முடியாமல் போனதற்குப் பணம் மட்டுமே காரணமன்று.

அவருடைய ஆய்வு, தில்லிக்குப் பிழைக்க வந்த தமிழ்ப் பெண்களின் வீட்டுவேலை உழைப்பைப் பற்றியது. களம், ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராஸி கேம்ப். 'இருந்த' என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். வடிகாலைத் தூர்வாரி வெள்ளத்தைத் தடுப்பதற்காகத் தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, 2025 ஜூன் 1 அன்று அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வடகோடியான நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டென்று கணக்கிடப்பட்டது. மற்றவர்களில் சிலர் அக்கம்பக்கத்தில் வாடகை வீடு தேடினார்கள். சிலர் ஊருக்கே திரும்பினார்கள். அந்த வீடுகளின் உள்ளே அமர்ந்து, அதற்கு முந்தைய குளிர்காலத்திலிருந்து மே மாதம் வரை எடுத்த 38 நேர்காணல்கள், மொத்தம் 53 மணி நேரம், அந்தத் திறன்பேசியில் இருந்தன. எழுத்துப்படியாக மாறியவை பதினொன்று. மீதி 27 நேர்காணல்களுக்கு வேறெங்கும் படி இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நல்ல விடை எதுவும் கிடையாது. இந்த வாரம் எடுத்துவைக்கலாம், நெறியாளரிடம் இயலைக் கொடுத்த பிறகு எடுத்துவைக்கலாம் என்று நாள்கள் போயின. ஆய்வு முறையியல் வகுப்புகளில் ஒப்புதல் படிவம் பற்றி இரண்டு வாரம் பேசுவார்கள். நேர்காணல் செய்பவரின் தன்னிலை பற்றி ஒரு பருவம் முழுவதும் பேசுவார்கள். பதிவுசெய்த கோப்பை அன்றிரவே எங்கே வைப்பது என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. சுருக்கப்படாத 'வேவ்' வடிவில் ஒலியைப் பதியுங்கள், ஆவணக்காப்பகங்கள் அதைத்தான் விரும்பும் என்று மட்டும் யாரோ ஒருவர் சொல்லியிருந்தார். ஆய்வாளர் அதை அப்படியே பின்பற்றினார். ஒற்றைத் தடத்தில், வழக்கமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில், ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 317 எம்பி ஆகும். 53 மணி நேரத்துக்கு 17 ஜிபி. 64 ஜிபி கருவியில் கால் பங்குக்கும் மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் நாள் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

முனிர்காவில் பழுது பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்த ஊரின் வயல்கள் ராமகிருஷ்ணபுரத்துக்கும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குமாகக் கையகப்படுத்தப்பட்ட பின், எஞ்சிய கிராம நத்தம் மேல்நோக்கி வளர்ந்தது. எதிரெதிர் பால்கனிகளுக்கு நடுவே கை குலுக்கலாம்; கீழ்த்தளத்தில் நண்பகலிலும் விளக்கு எரியும்; மேல்தளம் அடுப்பு. வடகிழக்கு மாநில மாணவர்கள், பீகாரிலிருந்து வந்த தேர்வர்கள், தமிழ்க் குடும்பங்கள், எல்லாரிடமும் வாடகை வாங்கும் டோகஸ் குலத்து வீட்டுக்காரர்கள். இவர்கள் எல்லாருடைய திறன்பேசிகளும் உடைவதால், நான்கு அடி அகலக் கடைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே தலை குனிந்திருப்பவர்கள் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் கடைக்காரர் திறன்பேசியைக் கையில் வாங்கவே இல்லை. திரையைத் தூரத்திலிருந்து பார்த்தார். "ரீசெட் மார் தேங்கே" என்றார். முந்நூறு ரூபாய், அரை மணி நேரம்; எல்லாவற்றையும் அழித்துவிட்டால் புதிதுபோல் ஆகிவிடும். படங்களும் பதிவுகளும் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அவை போய்விடும் என்று இயல்பாகச் சொன்னார். அழித்தபின் மீட்க முடியாதா என்ற கேள்விக்குத் தலையைக் கூட அசைக்கவில்லை.

அவர் சொன்னது சரிதான். பழைய நாள்களில் அழித்த கோப்புகளை நினைவக அட்டையிலிருந்து மீட்டுத் தருவது இத்தகைய கடைகளின் பெருமைக்குரிய வித்தையாக இருந்தது. ஆண்ட்ராய்டு 10ஆம் பதிப்புடன் அறிமுகமான கருவிகள் தொடங்கி, ஒவ்வொரு கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. திறவுகோல் கருவிக்குள் தனியே பாதுகாக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. மீட்டமைப்பு செய்யும்போது முதலில் ஒழிவது அந்தத் திறவுகோல்தான். அதன்பின் தரவு சிப்பில் கிடந்தாலும் அது வெறும் இரைச்சல். திருடனிடமிருந்து காப்பதற்காகச் செய்த ஏற்பாடு, உரிமையாளரின் அவசரத்திலிருந்து அவரைக் காப்பதில்லை.

அந்த வாரம் முழுவதும் ஆலோசனைகள் குவிந்தன. குடும்பக் குழுவில் சித்தப்பா ஒருவர், 'வேகமூட்டி' வகைச் செயலி ஒன்றின் சுட்டியை அனுப்பினார். அதை நிறுவியதும் ஒரு பச்சை வட்டம் சுழன்று, நூற்றுக்கணக்கான எம்பி குப்பை நீக்கப்பட்டதாக அறிவித்தது. திறன்பேசி மேலும் மந்தமானது. பின்னணியில் இருக்கும் செயலிகளை இத்தகைய மென்பொருள் கொன்றுபோடும். கொல்லப்பட்டவை மறுபடி முதலிலிருந்து எழுந்து வர நினைவகத்தையும் மின்கலத்தையும் கூடுதலாகத் தின்னும். இடையில் விளம்பரம் வேறு. நோயாளியின் மீது ஏறி உட்கார்ந்துகொண்டு மருத்துவம் பார்ப்பதாகச் சொல்லும் மருத்துவர் அது.

விடுதித் தேநீர்க் கடையில் வேறு விதமான பேச்சு. முதலாளித்துவம் அப்படித்தான், பழையதை வேண்டுமென்றே முடக்கிப் புதியதை விற்பார்கள் என்றார் அரசியல் பொருளாதாரம் படிப்பவர். அதற்கு அவர் கையில் ஒரு சான்றும் இருந்தது. அந்தச் சான்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அது பாதி மட்டுமே அவர் பக்கம் நிற்கிறது.

2017 டிசம்பரில், தன் பழைய ஐபோனின் மின்கலத்தை மாற்றியதும் வேகம் திரும்பிவிட்டதாக ரெடிட் தளத்தில் ஒரு பயனர் எழுதினார். அதைப் படித்த ஜான் பூல், கீக்பெஞ்ச் என்னும் வேக அளவைக் கருவியை உருவாக்கியவர், தன்னிடம் குவிந்திருந்த அளவீடுகளை மென்பொருள் பதிப்பு வாரியாகப் பிரித்து வரைபடமாக்கினார். பழைய பதிப்பில் ஐபோன் 6எஸ் கருவிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒரு முகடாகத் திரண்டிருந்தன. புதிய பதிப்புகளில் அந்த முகட்டுக்குக் கீழே, குறைந்த வேகங்களில், வேறு சில சிறு முகடுகள் முளைத்திருந்தன. ஒரே கருவி, ஒரே மென்பொருள், ஆனால் சிலவற்றுக்கு மட்டும் கடிவாளம். இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. லித்தியம் அயனி மின்கலம் முதுமையடையும்போது அதன் உள்மின்தடை கூடுகிறது. நுண்செயலி திடீரென அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து கருவி அணைந்துவிடும். அதைத் தவிர்க்கவே, அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியான 10.2.1 பதிப்பில், மின்கலம் தளர்ந்த கருவிகளின் வேகம் குறைக்கப்பட்டதாம். டிசம்பர் 28 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மின்கல மாற்றுக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018இல் மின்கலத்தின் உடல்நிலையைப் பயனரே பார்க்கும் வசதி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. சாம்சங்கின் மீதான குற்றச்சாட்டு நம் கதைக்கு நெருக்கமானது: நோட் 7க்கென உருவான மென்பொருளை, அதைத் தாங்காத நோட் 4 கருவிகளில் நிறுவச் சொல்லி வற்புறுத்தியது. 2020இல் பிரான்சு ஆப்பிளுக்கு விதித்த அபராதம் 2.5 கோடி யூரோ.

வேகத்தைக் குறைத்ததற்குப் பொறியியல் காரணம் இருந்தது. குற்றம் அதைச் சொல்லாமல் செய்ததில் இருந்தது. ஒரு மின்கலத்தால் தீரக்கூடிய நோய்க்கு, காரணம் தெரியாததால், ஒருவர் முழுக் கருவியையே மாற்றினார் என்றால், அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் தேநீர்க் கடையின் முடிவு இதிலிருந்து வரவில்லை. ஒரு வழக்கில் காரணம் ஒன்று என்று தெரிந்ததால் எல்லா வழக்கிலும் காரணம் அதுவே என்று சொல்வது, கருத்தரங்கக் கட்டுரையில் யாராவது செய்தால் அதே நண்பர்கள் விடமாட்டார்கள்.

இரண்டாவது கடை, பாபா கங்கநாத் மார்க்கில், மோமோ விற்பவருக்கும் சாவி தயாரிப்பவருக்கும் இடையே இருந்தது. கடைக்காரர் நடுவயதினர், கரோல் பாகின் கஃபார் மார்க்கெட்டில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவர். அவர் முதலில் திறன்பேசியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு வரிசையாகக் கேள்விகள். எப்போது தொடங்கியது, எந்த மாடியில் குடியிருக்கிறீர்கள், எப்போது சார்ஜ் போடுகிறீர்கள், போட்டிருக்கும்போது என்ன செய்கிறீர்கள், எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது. இதில் ஒன்றையும் முந்தைய கடையில் கேட்கவில்லை.

இந்தியாவின் கைபேசிப் பரவல் பற்றி அஸ்ஸா டோரனும் ராபின் ஜெஃப்ரியும் 2013இல் வெளியிட்ட நூலில், இத்தகைய மிஸ்திரிகளுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்டீவன் ஜாக்சனின் 'பழுதுபார்த்தலை மறுசிந்தனை செய்தல்' என்னும் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையை, தொழில்நுட்பச் சமூகவியல் படிப்பவர்கள் வகுப்பறையில் சந்தித்திருப்பார்கள். புதுமை புகுத்தலிலிருந்து தொடங்காமல் சிதைவிலிருந்து தொடங்கித் தொழில்நுட்பத்தைப் பார்க்கச் சொல்வது அது. ஆய்வாளரும் அதைப் படித்து, அடிக்கோடிட்டு, ஓர் ஆய்வுக் கட்டுரையில் மேற்கோளாகவும் காட்டியிருந்தார். தன் கருவியுடன் நான்கு அடிக் கடையின் முன் நிற்கும்வரை, கேள்வி கேட்பதுதான் அந்தத் தொழிலின் முதல் கருவி என்பது அவருக்குத் தோன்றியதில்லை.

மிஸ்திரி திறன்பேசியைப் 'பாதுகாப்புப் பயன்முறை'யில் தொடங்கினார். அணைக்கும் தெரிவை நீண்ட நேரம் அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கருவிகள் இந்த வாய்ப்பைத் தரும். பின்னர் நிறுவிய செயலிகள் எல்லாம் உறங்க, கருவியோடு வந்தவை மட்டும் இயங்கும். விசைப்பலகை மூன்று நொடியில் வந்தது. முழுக் குணமில்லை, ஆனால் முன்னேற்றம். அப்படியானால் சுமையில் ஒரு பகுதி பின்னர் ஏற்றியது. சித்தப்பாவின் வேகமூட்டி அங்கேயே நீக்கப்பட்டது. மீதிக்கு அவர் சொன்ன விளக்கம் அரைகுறை இந்தியில் புரிந்தது. முழுவதையும் அடுத்த அறையில் கணினி அறிவியல் படிக்கும் மணிப்பூர்த் தோழிதான் அன்றிரவு விரித்துரைத்தார்.

ஆண்ட்ராய்டு செயலிகள் நுண்செயலிக்கு நேரடியாகப் புரியும் மொழியில் வருவதில்லை. கருவிக்குள் அவை மொழிபெயர்க்கப்பட வேண்டும். 2014இல் வந்த 5.0 பதிப்பு, செயலியை நிறுவும்போதே முழுவதையும் மொழிபெயர்த்து வைத்தது. அதனால்தான் அக்காலத்தில் புதுப்பித்த பின், 'செயலிகள் உகந்ததாக்கப்படுகின்றன' என்று எண்ணிக்கை காட்டிக்கொண்டு, கருவி பயனரைக் காத்திருக்க வைத்தது. 2016இன் 7.0 பதிப்பிலிருந்து அந்தக் காத்திருப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது. அடிக்கடி பயன்படும் பகுதிகள் எவை என்று கருவி கவனித்து வைத்துக்கொண்டு, பின்னணியில், சும்மா இருக்கும் வேளையில், மின்னிணைப்பும் இருக்கும்போது, அவற்றை மட்டும் மொழிபெயர்க்கிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் பழைய மொழிபெயர்ப்பு செல்லாமல் போகும்; புதிதாகச் செய்ய வேண்டும். அது முடியும்வரை செயலிகள் திக்கும். சும்மா இருப்பதும் மின்னிணைப்பும் ஒருசேர வாய்க்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அந்த அறையில் அவை ஒருசேர வாய்க்கவே இல்லை. கைக்கெட்டும் மின்செருகி ஒன்றுதான். இரவில் அதில் ஏர்கூலர் இருக்கும். இல்லாவிட்டால் உறங்க முடியாது. திறன்பேசிக்குப் பகலில்தான் முறை. அப்போது அது மடிக்கணினிக்கு இணையம் தந்துகொண்டே, வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே மின்னேறும். புதுப்பித்த முதல் இரவில்கூட, நிறுவல் தொடங்கியதும் அதன் செருகியைக் கழற்றிவிட்டுத்தான் அவர் உறங்கினார். பத்து நாள்களாகக் கருவிக்கு ஓய்வு நேரம் என்ற ஒன்றே இல்லை. மென்பொருளை எழுதியவர்கள், இரவில் படுக்கைக்கு அருகில் தனிச் செருகியில் திறன்பேசியை மாட்டிவிட்டு உறங்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

வெப்பமும் அப்படித்தான். ஐபோனுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. தில்லியின் ஜூன் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் சுவரே இரவெல்லாம் வெப்பத்தை உமிழும். கருவி தன்னைக் காத்துக்கொள்ள நுண்செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதையும் அது யாரிடமும் சொல்வதில்லை.

மூன்றாவது காரணம்தான் ஆய்வாளரை அமைதியிழக்கச் செய்தது. சேமிப்பகத்தில் மிச்சம் இருந்தது 1.4 ஜிபி. புதுப்பித்த மென்பொருள் முன்னைவிட அதிக இடம் எடுத்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே எழுத முடியாது. ஒரு வரியை மாற்றவும் ஒரு முழுப் பலகையைத் துடைத்தாக வேண்டும். துடைக்குமுன் அதிலுள்ள தேவையான வரிகளை வேறொரு வெற்றுப் பலகைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வெற்றுப் பலகைகள் நிறைய இருந்தால் இந்த வேலை ஓசையில்லாமல் நடக்கும். ஒன்றிரண்டு மட்டுமே இருந்தால், ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் முன்னால் பெரிய இடமாற்றம் நடந்தாக வேண்டும். ஒரு குறுஞ்செய்தி வந்தால்கூட அது எங்காவது எழுதப்பட வேண்டும் அல்லவா. கருவியின் மூச்சை அடைத்துக்கொண்டிருந்த பெரும்பொருள், 17 ஜிபி அளவுள்ள அந்த நேர்காணல்கள். எதைக் காப்பாற்றுவதற்காக மீட்டமைப்பை மறுத்தாரோ, அதைக் காப்பாற்றிவைக்காமல் விட்டதே நோயாக இருந்தது.

அன்றிரவே படியெடுக்கும் வேலை தொடங்கியது. தோழியின் வன்வட்டு, ஆய்வாளரின் மடிக்கணினி, நடுவில் ஒரு வடம். மொத்தமாக எல்லாக் கோப்புகளையும் தெரிவுசெய்து இழுத்தபோது, இரண்டு முறை இணைப்பு அறுந்தது. மூன்றாம் முறை மூன்று மூன்று கோப்புகளாக எடுத்தார்கள். கருவி சூடேறும்போதெல்லாம் அதை ஏர்கூலரின் முன் ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து இளைப்பாறவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு முறை மின்சாரம் போனது. முனிர்கா முழுவதும் ஒரே குரலில் முனகியது. படியெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும், மூலத்துக்கும் படிக்கும் ஷா-256 என்னும் எண் சரத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டார் தோழி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் 64 எழுத்துச் சரம் முற்றிலும் வேறாகிவிடும். 38 சரங்களும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தவில்லை. மறுபடி எடுத்தபோது பொருந்தியது.

பொருந்தாத அந்த ஒன்றை மட்டும் ஆய்வாளர் காதொலிப்பானில் கேட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நேரே தில்லி வந்திறங்கிய மூதாட்டியின் பதிவு அது. தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில், யாரோ ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்லும் ஓசை. பிறகு அந்த அம்மாளின் குரல்.

"கண்ணு, இந்த மிசின்ல நான் பேசறது நிக்குமா?"

"நிக்கும்மா."

"எத்தினி நாளைக்கு?"

"எப்பவும் இருக்கும்மா. நீங்க சொல்லுங்க."

அந்த 'எப்பவும்' என்ற சொல்லைத் தன் குரலிலேயே கேட்டபோது, ஆய்வாளர் பதிவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் மொட்டைமாடிக்குப் போய் நின்றார். ஒப்புதல் படிவத்தின் நான்காம் பத்தியில், பதிவுகள் பாதுகாப்பாக வைக்கப்படும் என்று அவர் கையெழுத்திட்ட வரி ஒன்று இருந்தது. குக்கர் விசிலடித்த அந்தச் சுவர் இப்போது இல்லை. விசில் இருந்தது, எட்டு மாதமாக, ஒரே ஒரு சிப்பில், யாராவது முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அழிக்கக்கூடிய நிலையில்.

விடிவதற்குள் மூன்று படிகள் ஆயின. மடிக்கணினியில் ஒன்று, வன்வட்டில் ஒன்று, மேகச் சேமிப்பகத்தில் ஏறிக்கொண்டிருந்தது ஒன்று. அதன்பிறகுதான் திறன்பேசியிலிருந்து ஒலிக்கோப்புகள் நீக்கப்பட்டன. வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காணொலிகளையும் கழித்தபின் காலி இடம் 25 ஜிபியைத் தாண்டியது. அடுத்த இரண்டு இரவுகள், தோழியின் அறையில், சன்னலோரமாக, இணையம் அணைத்து, மின்னிணைப்பு கொடுத்து, யாரும் தொடாமல் அது கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் விசைப்பலகை ஒரு நொடிக்குள் வந்தது. புள்ளி, மெய்யெழுத்தின் தலைமேல் உடனே உட்கார்ந்தது. பழைய வேகம் முழுவதும் திரும்பியதென்று சொல்ல முடியாது. நிழற்படக் கருவி இன்னும் சிந்தித்துத்தான் திறந்தது, பிற்பகலில் மறுபடி தளர்ந்தது. ஆனால் ஓடிபி அதன் ஆயுள் முடியும்முன் படிக்கக் கிடைத்தது. மாவுக்கடையின் பாக்கி தீர்ந்தது.

பிற்பகல் தளர்ச்சிக்குக் காரணம் மின்கலம் என்றார் மிஸ்திரி. மூன்றாண்டு ஓடிய மின்கலம், அதிலும் இரண்டு தில்லிக் கோடைகளை அறைக்குள் கழித்தது. மின்கலத்தைப் பற்றி ஐரோப்பாவில் அதே ஜூன் 20 அன்று ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அங்கு விற்கப்படும் திறன்பேசியின் மின்கலம் 800 முறை மின்னேற்றிய பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்புகளும், ஏழாண்டுகள் உதிரிபாகங்களும் கிடைக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. பாபா கங்கநாத் மார்க்கின் மிஸ்திரி அதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு உதிரிபாகம் கஃபார் மார்க்கெட்டிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், மெட்ரோவில் ஒரு பையனின் தோள்பையில் வருகிறது.

உதவித்தொகை வந்த வாரத்தில் ஆய்வாளர் மறுபடி அந்தக் கடைக்குப் போனார். மிஸ்திரி ஓர் அட்டைத்துண்டின் மேல் திருகாணிகளை அவை இருந்த வரிசையிலேயே அடுக்கிவைத்தார். பின்மூடியை வெப்பக் காற்றால் இளக்கித் திறந்தபோது, பழைய மின்கலத்தின் நடுப்பகுதி மெல்லப் புடைத்திருந்தது. அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, தனியே ஒரு டப்பாவில் போட்டார். புதியதைப் பொருத்தியதும், கறுப்பு மையால் அதன் மேல் அன்றைய தேதியை எழுதினார். எதற்கு என்று ஆய்வாளர் கேட்டார். அடுத்து இதைத் திறக்கப்போவது யார் என்று தெரியாதே, அவருக்குத் தெரிய வேண்டாமா என்று சொல்லிக்கொண்டே மிஸ்திரி மூடியை அழுத்திப் பொருத்தி, இரண்டு ரப்பர் வளையங்களைப் போட்டு, பசை காய அரை மணி நேரம் ஆகும் என்றார். கூலியோடு சேர்த்து 950 ரூபாய்.